தண்டமும் வறுமையும்

தண்டம் இல்லையேல் பெரிய மீன் சிறியதை விழுங்கும் நிலையே நாட்டில் உண்டாகும் என்பது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். கடுந்தண்டம் மக்களை வெறுப்புறச் செய்யும் என்றும் அவரே கூறுகின்றார். அவரைக் கொடியவரென ஒதுக்குவோர் இதனைக் கருதுவதில்லை.

தீக நிகாயத்துச் சக்கவத்தி சீஹநாத சுத்தமோ வேறிடத்தில் தொடங்குகின்றது. வறியோர்க்கு அரசன் பொருள் வழங்கவில்லை. வறுமை பெருகிக் களவு பிறந்தது. பிடிபட்ட கள்வனுக்கு அரசன் பொருளீந்தான்; அதைக் கேட்டுப் பலரும் களவாடினர். பின்னர் ஒரு கள்வனின் தலையைக் கொய்வித்தான். மக்களும் வாள் செய்துகொண்டு ஊர்களைச் சூறையாடினர். காலந்தாழ்ந்த ஈகையும் பயன்படாமையை நாம் இங்குக் கவனித்தல் வேண்டும்.

கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டதற்கு வருந்திய அசோகரும் மரண தண்டனையை நீக்கினாரல்லர். 3 நாள் தவணை அளித்தார் என்றே நான்காம் தூண் சாசனத்தில் காண்கிறோம்.