குறுவழியும் அதன் குறைகளும்

கணினியின் திரைமுகப்பில் காணப்படும் பணிக்குறிகள் சிலவற்றின் கீழ்மூலையில் சிறிய வளைந்த அம்பு ஒன்று இருக்கும். அம்பு உள்ள பணிக்குறி செயலி அன்று. செயலி இருக்கும் இடத்தைச் சுட்டும் குறுவழி. முகவரிச் சீட்டு வீடாகாது. சீட்டைக் கிழித்தால் வீடு இடிவதில்லை. அதுபோலக் குறுவழியை அழித்தாலும் செயலி அழிவதில்லை. கோப்புக்கும் இவ்வாறே குறுவழி உண்டு. அதை மட்டும் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் மாணவர், செயல்திட்டத்தை ஒப்படைக்கும் நாளில் வெறுங்கையுடன் நிற்க நேரிடும்.

பெரும்பாலான குறுவழிகளைப் பயனர் உருவாக்குவதில்லை. செயலியை நிறுவும் நிரலே அவற்றையும் எழுதிவைக்கிறது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் தொடக்கப் பட்டியல் இவ்வாறே நிரம்பி வருகிறது. நிறுவும் நாளில் எழுதிய முகவரி பின்னர்ப் பொய்த்துப் போகலாம் என்பதே இம்முறையின் முதற்குறை. செயலியின் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றினால் விண்டோஸ் அதனைத் தேட முயலும். கிடைக்காவிடில், ஓரளவு ஒத்த வேறொரு கோப்பைக் காட்டி, இதுவா என வினவும். நல்ல முயற்சிதான். ஆயினும், படிக்காமல் 'ஆம்' என அழுத்துவோருக்கு அதுவே பொறியாகும்.

பலர் பகிரும் கணினியில் இன்னொரு சிக்கல் எழும். தொடக்கப் பட்டியல், அனைவருக்கும் பொதுவான கோப்புறை ஒன்றையும் ஒவ்வொருவருக்கும் தனியான கோப்புறை ஒன்றையும் கொண்டு தொகுக்கப்படுகிறது. நிறுவும் நிரல் தனிக்கோப்புறையில் மட்டும் எழுதினால், அடுத்து நுழையும் மாணவரின் பட்டியலில் அச்செயலி இராது.

லினக்ஸ் இயங்குதளத்தில் குறுவழி என்பது எளிய உரைக்கோப்பு. எவரும் திறந்து படிக்கலாம். செயலியின் பெயர், இயக்கும் கட்டளை, பணிக்குறி, வகை ஆகியவை அதில் வரிவரியாக இருக்கும். வகையைக் குறிக்கும் வரி விடுபட்டால், பட்டியலில் அச்செயலி உரிய தலைப்பின்கீழ் வராமல் 'பிற' என்பது போன்ற ஒரு மூலைக்குத் தள்ளப்படும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்க உதவும் வைன் என்னும் மென்பொருளும் பட்டியலில் தானே பெயர்களைச் சேர்க்கும். வைனின் கோப்புறையைக் கையால் நீக்கிய பின்னும் அப்பெயர்கள் அங்கேயே நிற்கும்; சொடுக்கினால் எதுவும் திறவாது.

தமிழ் மாணவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய குறை பெயர்வரியில் உள்ளது. அக்கோப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பெயர் எழுத இடமுண்டு. சதுர அடைப்புக்குள் 'டி', 'ஏ' என்னும் இரு ஆங்கில எழுத்துகளை இட்டால் அவ்வரி தமிழுக்கு உரியதாகும். செயலியை ஆக்கியவர் அவ்வரியை எழுதாவிடில், கணினி முழுவதையும் தமிழுக்கு மாற்றிய வீட்டிலும் அச்செயலியின் பெயர் ஆங்கிலத்திலேயே தோன்றும். தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளை நாள்தோறும் தமிழில் படிக்கக்கூடிய சொற்களுள் ஒன்று இவ்வாறு குறைகிறது. இதனைத் திருத்தப் பொறியாளர் வேண்டியதில்லை. கோப்பைத் தமது தனிக்கோப்புறையில் அதே பெயருடன் படியெடுத்து அவ்வொரு வரியைச் சேர்த்தால் போதும். பொதுக்கோப்பை விடுத்து அப்படியையே கணினி ஏற்கும். செயலி புதுப்பிக்கப்பட்டுக் கட்டளை மாறினால், படியையும் கையாலேயே திருத்தவேண்டும்.

பயிற்சி: குறுவழியை அழிப்பதும் செயலியை நீக்குவதும் எவ்வாறு வேறுபடுகின்றன? கணினியில் ஆங்கிலப் பெயருடன் உள்ள மூன்று செயலிகளுக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர்களை எழுதுக.