இடாப்பில் பெயர், கையில் அட்டை

2004 ஏப்ரல் 2 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றபோது நான் குருமட மாணவன், ஊருக்கு வந்திருந்தேன். அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின்னர், வாவியைக் கடந்து வாக்களிக்க வந்த ஒரு மூதாட்டி வாக்களிப்பு நிலையத்துக்கு வெளியே மரநிழலில் குந்தியிருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, "மனே, என்ட வோட்ட ஆரோ போட்டுட்டாங்களாம். நான் இஞ்ச உசிரோட இருக்கன்" என்றார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தில் ஒரு பதில் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அட்டை அவர் கையிலேயே இருக்க, அவருடைய வாக்கு எப்படிப் போனது? அக்காலத்தில் வாக்களிக்க வருபவர் அடையாள அட்டை காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கவில்லை. தபாலில் வரும் வாக்காளர் அட்டையை எவர் கொண்டுவந்தாலும், பெயரைச் சொன்னால் போதும். மறுத்துச் சொல்ல வேண்டிய கட்சி முகவர்கள் பயத்தில் வாய் திறப்பதில்லை. பல நிலையங்களில் முகவரே இருப்பதில்லை. அத்தேர்தலைக் கண்காணித்த ஐரோப்பிய ஒன்றியக் குழுவும் வடக்குக் கிழக்கில் நடந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டித்துச் சொன்னது. அதே 2004 இல் நிறைவேறிய 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம்தான் வாக்காளர் தம்மை அடையாளப்படுத்தும் ஆவணத்தைக் காட்டவேண்டும் என்று விதித்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு அது இரு பக்கமும் கூரான கத்தி. 2007 இல் படுவான்கரையிலிருந்தும் வாகரைப் பக்கமிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஷெல் வீச்சுக்கு நடுவே ஓடிவந்தோம். சோற்றுப் பானையைத் தூக்கியவர் உண்டு, பிள்ளையைத் தூக்கியவர் உண்டு. பத்திரப் பெட்டியைத் தூக்கியவர் எத்தனை பேர்? அட்டை இல்லாதவனை வாசலில் நிறுத்தும் சட்டம், கள்ளனோடு சேர்த்து அகதியையும் நிறுத்திவிடும்.

முன்பு இனப் பகையால் பிளவுண்டிருந்த வட அயர்லாந்திலும் இதே சிக்கல் இருந்தது. 2002 இல் அங்கு வந்த சட்டம் புகைப்படமுள்ள ஆவணத்தைக் கட்டாயமாக்கியது; கூடவே, வேறு ஆவணம் இல்லாதவருக்குத் தேர்தல் அலுவலகம் இலவசமாக ஓர் அட்டை கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. கேட்பவன் கொடுக்கவும் வேண்டும் என்பது நியாயம். நமது நாட்டிலும் அதற்கு ஒத்த ஏற்பாடு உண்டு என்பதைப் பலர் அறியார். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, முதியோர் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கும் மதகுருமார் அட்டை (நான் காட்டுவது இதைத்தான்) என்பவற்றில் ஒன்றுமே இல்லாதவர், இடாப்பில் பெயர் இருந்தால், கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்துத் தேர்தல் அலுவலகத்தின் தற்காலிக அடையாள அட்டையைப் பெறலாம். புகைப்படம் வேண்டும். விண்ணப்பிக்கும் கடைசி நாள் வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னரே முடிந்துவிடும். அந்த வாரத்தில் அலைந்து திரிவதிலும், தொலைந்த அட்டைக்கு இன்றே பொலிசில் முறைப்பாடு எழுதி, அந்தப் பிரதியுடன் புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பது மேல். பிறப்பத்தாட்சிப் பத்திரமும் போய்விட்டதென்றால் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பகுதியில் பிரதி எடுக்கலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பழைய அடையாள அட்டையின் 9 இலக்கங்களுக்குப் பின் 'வி' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். அது வாக்குரிமை உள்ளவரைக் குறிக்கும் எழுத்து என்பதால், "என்ட அட்டையிலேயே வி இருக்கு, எனக்கு வோட்டிருக்கு" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. 2016 முதல் வரும் புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள், எழுத்தே இல்லை. எந்த அட்டையானாலும் நீங்கள் யார் என்பதைத்தான் காட்டும். நீங்கள் வாக்காளரா என்பதைச் சொல்வது வாக்காளர் இடாப்பு ஒன்றே. இடாப்பில் பெயர் இல்லாதவர் பத்து அட்டைகளோடு வந்தாலும் திரும்பிப் போகவேண்டியதுதான். மாறாக, பெயர் இருந்து அடையாள ஆவணமும் இருந்தால், வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும் வாக்களிக்கலாம்.

வாக்குக் களவும் இந்த இடாப்பிலிருந்துதான் தொடங்குகிறது. வாசலில் அடையாள அட்டை பார்ப்பது கடைசி வக்கடையைக் காப்பது போன்றது. மேலே கட்டு உடைந்திருந்தால் அதற்குள் தண்ணீர் போய்விடும். ஒரு குடும்பம் பட்டிப்பளைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து செட்டிபாளையத்தில் உறவினர் வளவில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஊர் இடாப்பில் ஆறு பெயர்கள் அப்படியே கிடக்கின்றன. அதில் பாட்டன் இறந்து நான்கு வருடம். மூத்த மகள் மத்திய கிழக்கில். வீடு பற்றைக்காடு. ஆறு வாக்காளர் அட்டைகளும் பழைய ஊர்த் தபால் கந்தோருக்கு வருகின்றன. யார் வரமாட்டார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கட்சிக்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆளில்லாத பெயர்தான் கள்ளனுக்கு வேண்டும். பிறகு ஓர் இடத்தில் அதிகாரியை வெருட்டுவான், இன்னோர் இடத்தில் மங்கிய பழைய படத்தோடு முகச்சாடையுள்ள ஒருவரை அனுப்புவான். 2008 மார்ச்சில் மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தலும், மே 10 ஆம் திகதி கிழக்கு மாகாண சபைத் தேர்தலும் நடந்தபோது அடையாள ஆவணம் ஏற்கெனவே கட்டாயமாகிவிட்டது. அப்படியிருந்தும் கண்காணிப்பாளர்கள் ஆள்மாறாட்டத்தையும் அச்சுறுத்தலையும் முறையிட்டார்கள்.

ஆகையால் உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதைக் குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். ஓர் ஊரில் மட்டுமே இருக்கலாம். இங்கும் அங்கும் இருந்தால் அது தவறு. அதோடு, நீங்கள் போகாத இடத்துப் பெயர் இன்னொருவனுக்கு இரை. "இங்கே பதிந்தால் காணி உரிமை போய்விடுமோ" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காணி உரிமையைக் காட்டுவது உறுதியும் அனுமதிப்பத்திரமும். இடாப்புப் பதிவு வேறு. ஆனாலும் ஊரோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்ற அச்சம் வெறும் மனப்பிரமையன்று. 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், போரினால் இடம்பெயர்ந்தவர்கள் வேறிடத்தில் இருந்தாலும் சொந்த ஊரிலேயே பதிந்துகொள்ள ஒரு கால எல்லைக்கு உட்பட்டு வழிவிட்டது, அந்த அச்சத்தை மதித்துத்தான். உங்கள் பெயர் அப்படிப் பதியப்பட்டதாயின் இன்னும் அங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிராம உத்தியோகத்தர் ஆண்டுதோறும் விபரம் எடுக்கும்போது இறந்தவரின் பெயரை நீக்கச் சொல்வதற்குக் கூச்சப்படக்கூடாது. பெயரை வெட்டினால் ஆளையே மறந்தது போலாகும் என்று ஒரு தாய் அழுததைக் கண்டிருக்கிறேன். போரில் காணாமற்போன பிள்ளையின் தாய் அவர். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது. ஆனால் முதுமையில் இறந்த பாட்டனின் பெயரை வைத்திருப்பதற்குக் காரணமில்லை. பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர், இடாப்பில் கணவன் பெயர் என்று இருந்தால் வாக்களிப்பு நிலையத்தில் தடுமாற்றம் வரும். படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே, அதன் இலக்கத்தோடு எழுதுவியுங்கள். திருத்திய இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

இதில் நாமும் சுத்தமானவர்கள் அல்லர். "அக்கா குவைத்தில்தானே, அவட வோட்ட வீணாக்கலாமா?" என்று தங்கையை அனுப்பும் வீடுகளை நான் அறிவேன். வெளிநாட்டில் உழைப்பவருக்கு அங்கிருந்தே வாக்களிக்க 2024 தேர்தல்கள் வரை சட்டம் வழி செய்யவில்லை. அது பெரும் அநீதி. அதற்காகத் தங்கை செய்வது ஆள்மாறாட்டம் ஆகாமல் போகாது. அது தேர்தல் சட்டத்தில் ஊழற் செயல். குற்றவாளியாகக் கண்டால் தண்டனையோடு, ஏழு வருடத்துக்குத் தன் சொந்த வாக்கும் போய்விடும். தூண்டிவிட்டவருக்கும் அதே கதிதான். நம்முடைய கட்சிக்காக என்றால் களவில்லை என்று எண்ணுவது, இந்த மாவட்டத்தில் எல்லாத் தரப்பும் பழக்கிவிட்ட நோய்.

நம்முடைய வாக்கைப் பறித்தது கள்ளன் மட்டுமல்ல. 2001 டிசம்பர் 5 ஆம் திகதி, கட்டுப்பாடற்ற பகுதி என்று சொல்லப்பட்ட இடங்களிலிருந்து வந்த வாக்காளரை வன்னியிலும் மட்டக்களப்பிலும் இராணுவம் சோதனைச் சாவடிகளில் மறித்துவிட்டது. அன்று அவர்கள் கையில் அட்டை இருந்தது, இடாப்பில் பெயரும் இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2003 இல் தீர்ப்பு வந்தது. போன வாக்கு திரும்பவில்லை. ஆனாலும் வழக்காட முடிந்ததற்குக் காரணம், தாம் வாக்காளர் என்பதை அவர்களால் நிரூபிக்க முடிந்தமையே.

வாக்களிப்பு நாளில் காலையிலேயே போய்விடுங்கள். 2024 இல் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை வாக்களிப்பு நடந்தது. வராதவர்களின் பெயர்களைக் கணக்குப் பார்த்து ஆள் அனுப்புவது பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். அடையாள அட்டையை, "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உங்கள் இலக்கமும் பெயரும் உரத்து வாசிக்கப்படும். முகவர்கள் கேட்பதற்காகவே அப்படி வாசிக்கிறார்கள். வந்தவர் உண்மையான ஆள் அல்லர் என்று முகவர் மறுப்புத் தெரிவித்தால், தலைமைதாங்கும் அலுவலர் அவரிடம் வெளிப்படுத்தல் கேட்கலாம். அதைக் கொடுக்க மறுப்பவருக்கு வாக்குச்சீட்டு இல்லை. ஆகவே முகவராக இருக்க உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் முன்வந்தால் மறிக்காதீர்கள். ஊராரின் முகம் தெரிந்தவர் அவர்தான்.

இனி அந்த மூதாட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். உங்கள் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டதாகச் சொன்னால் பேசாமல் திரும்ப வேண்டாம். தலைமைதாங்கும் அலுவலரிடம் போய், "நான்தான் அந்த ஆள், வெளிப்படுத்தல் தருகிறேன்" என்று சொல்லி வாக்குச்சீட்டுக் கேளுங்கள். வேறு விதமான ஒரு சீட்டுத் தருவார்கள். நீங்கள் அடையாளமிட்ட பின் அது பெட்டிக்குள் போடப்படாது. உங்கள் பெயரும் இலக்கமும் குறிக்கப்பட்டுத் தனியாக வைக்கப்படும். அன்றிரவு அதை எண்ணமாட்டார்கள். ஆனால் அந்தப் பெயரில் முதலில் விழுந்த வாக்கு கள்ள வாக்கு என்பதற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி கிடைக்கும். தேர்தல் மனு வந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கும். வெளியே வந்து, அங்கு நிற்கும் கண்காணிப்பாளரிடமும் முறையிட்டு, நேரத்தையும் நிலையத்தின் இலக்கத்தையும் குறித்துவையுங்கள்.

அந்த அம்மா அன்று பொழுதுபடுமுன் வாவியைக் கடந்து திரும்பிப் போய்விட்டார்.