படுக்கையருகே ஓர் அவசர அழைப்பு
நள்ளிரவில் நெஞ்சுவலியால் விழிக்கும் முதியவரால் கைப்பேசியைத் தேடி எண்களை அழுத்த இயலாமற்போகலாம். எனவே, தானியங்கி வீட்டமைப்போடு அவசர அழைப்புப் பொத்தான் ஒன்றை இணைத்துப் படுக்கையருகே பொருத்துவர். இத்தகைய பொத்தான்கள் பலவும் 3 வோல்ட் நாணயவடிவ மின்கலத்தால் இயங்குபவை. அழுத்தியதும் கம்பியில்லாக் குறிகை வீட்டின் மையக் கருவியை அடையும், விளக்குகள் ஒளிரும், அடுத்த அறையில் மணி ஒலிக்கும், வெளியூரில் வாழும் பிள்ளைகளின் கைப்பேசிக்குச் செய்தி செல்லும்.

ஆயினும், மின்சாரம் தடைப்பட்டால் மையக் கருவி செயலிழக்கும். இணையம் தடைப்பட்டால் செய்தி வெளியே செல்லாது. ஆகவே, மையக் கருவிக்கும் இணையத் திசைவிக்கும் தடையில்லா மின்வழங்கி வேண்டும். மணியோ இணையமின்றியே ஒலிக்க வேண்டும். தரையில் வீழ்ந்தவர்க்கும் எட்டும் உயரத்தில் பொத்தான் அமைதல் நன்று. திங்கள்தோறும் அழுத்திச் சோதித்தல் இன்றியமையாதது. பொத்தான் அழைக்கும், 108-ஐ அழைத்து, ஓடிவந்து கைகொடுக்க வேண்டியவர் மனிதரே.