காற்று எங்கே கசிகிறது?

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஜெட் விமானங்கள் உருவத்தில் சிறியவை. ஆனால், அவற்றை வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டர்பைன் இயந்திரம் பொருத்தப்பட்ட பல மாதிரிகள் 10 கிலோகிராமுக்கும் அதிக எடை கொண்டவை. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பறக்கக்கூடியவை. இத்தகைய விமானம் மேலெழுந்ததும் அதன் மூன்று சக்கரக் கால்களும் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. தரையிறங்கும் முன் அவை வெளியே வந்து உறுதியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் வராவிட்டாலும் விமானம் சாய்ந்து ஓடுபாதையில் உராயும். இறக்கை முறியலாம், எரிபொருள் சிந்தித் தீப்பிடிக்கலாம், அருகில் நிற்போருக்கும் ஆபத்து நேரலாம்.

பல மாதிரி விமானங்களில் சக்கரக் கால்களை அசைப்பது அழுத்தப்பட்ட காற்றாகும். பறப்பதற்கு முன், விமானத்தினுள் இருக்கும் சிறு கலனில் பம்பு மூலம் காற்றை நிரப்புவர். அதன் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் இருக்கும். இது கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கலனிலிருந்து புறப்படும் காற்று, கட்டுப்பாட்டு வால்வை அடைகிறது. அங்கிருந்து ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மெல்லிய குழாய்கள் செல்கின்றன. ஒன்று காலை மடக்குவதற்கு; மற்றொன்று காலை இறக்குவதற்கு. வால்வு ஒரு குழாய்க்குக் காற்றை அனுப்பும்போது, மற்றக் குழாயில் இருந்த காற்று வெளியேறிவிடும். அழுத்தம், உருளையில் உள்ள பிஸ்டனைத் தள்ள, கால் அசைகிறது. காற்று கசியாதபடி பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் பொருத்தப்பட்டிருக்கும்.

இந்த அமைப்பில் பழுது மறைந்திருப்பது எளிது. விமானம் மேலெழும்போது கலன் நிறைந்திருக்கிறது. எனவே, கால்கள் விரைவாக மடங்கிவிடும். குழாயில் எங்கேனும் மெல்லிய கசிவு இருந்தால், விமானம் பறந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். கால்களை இறக்க வேண்டிய இறுதி நேரத்தில்தான் காற்றுப் போதாமல் போகும். ஆகவே, 'மீண்டும் காற்றடித்துவிட்டுப் பறக்கவிடலாம்' என்று நினைப்பது தவறு. புதிதாக அடித்த காற்றும் அதே வழியில்தான் வெளியேறும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, அமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதிப்பதாகும். முதலில் இயந்திரத்தை இயக்காமல், சக்கரங்கள் தரையில் படாதவாறு விமானத்தைத் தாங்கியில் வைக்க வேண்டும். கலனில் காற்றை நிரப்பி, கால்களை இறக்கிய நிலையில் அரை மணி நேரம் விட்டு, அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். பிறகு, கால்களை மடக்கிய நிலையிலும் அவ்வாறே செய்ய வேண்டும். மடக்கிய நிலையில் மட்டும் அழுத்தம் குறைந்தால், மடக்கும் குழாய்களில் கசிவு இருக்கலாம். இறக்கிய நிலையில் மட்டும் குறைந்தால், இறக்கும் குழாய்களைச் சோதிக்க வேண்டும். இரண்டு நிலைகளிலும் குறைந்தால், கலன், காற்று நிரப்பும் வால்வு, கட்டுப்பாட்டு வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம். இவ்வாறு இரண்டே சோதனைகளில் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, ஐயத்துக்குரிய இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவ வேண்டும். குமிழிகள் தோன்றும் இடமே கசியும் இடம். மின் உறுப்புகளில் நீர் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பெரும்பாலும் குழாயின் முனை தளர்ந்து விரிந்திருக்கும். அந்த முனையைச் சிறிதளவு நேராக வெட்டிவிட்டு மீண்டும் செருகினாலே போதும். ரப்பர் வளையம் உலர்ந்திருந்தால் அதற்குச் சிலிக்கோன் எண்ணெய் இட வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தத்தை மட்டும் செய்து, மீண்டும் சோதிப்பது நல்லது. பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பழுது என்பது இறுதிவரை தெரியாமலே போய்விடும்.

அழுத்தம் குறையாமலே ஒரு கால் மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது காற்றை முழுவதும் வெளியேற்றி, பூட்டை விடுவித்து, அந்தக் காலைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால், வளைந்த தண்டோ உரசும் கதவோ காரணமாக இருக்கலாம். எளிதாக அசைந்தால், அந்தக் காலுக்குச் செல்லும் குழாய் எங்கேனும் மடிந்துள்ளதா என்று பார்க்கலாம். தரையில் நன்றாக இயங்கும் கால், வானில் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. பின்னோக்கி மடங்கும் கால், இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால், தரையில் மெதுவாக இறங்கும் காலை 'பரவாயில்லை' என்று விட்டுவிடக் கூடாது.

சில மாதிரிகளில் காற்று, கால்களை மடக்க மட்டுமே பயன்படுகிறது. அவற்றை இறக்குவது சுருள்வில்லாகும். காற்று முழுவதும் கசிந்தாலும் கால்கள் தாமாகவே இறங்கிவிடும். பயணிகள் விமானங்களிலும் இத்தகைய மாற்று ஏற்பாடு உண்டு. ஆனால், மாற்று ஏற்பாடும் செயல்படும் நிலையில் இருக்க வேண்டும். 2011 நவம்பர் 1ஆம் நாள், போலந்தின் லாட் நிறுவனத்தின் போயிங் 767 விமானம் 231 பேருடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து வார்சாவுக்குப் பறந்தது. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே குழாய் ஒன்று உடைந்து, சக்கரங்களை இயக்கும் நீர்ம அமைப்பு செயலிழந்தது. மாற்று அமைப்பும் இயங்கவில்லை. அதற்குரிய மின்காப்பு விசை ஒன்று துண்டிக்கப்பட்ட நிலையில் இருந்தது. விமானி தடேயுஷ் வ்ரோனா, சக்கரங்கள் இல்லாமலே விமானத்தைத் தரையிறக்கினார். ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை. பின்னர் விமானத்தைத் தூக்கி, மின்சாரம் கொடுத்து, அந்த விசையை அழுத்தியபோது சக்கரங்கள் வழக்கம்போல் இறங்கின.

பழுதைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. பறக்கவிட ஆவலோடு வந்த நாளில், அழுத்தமானியின் முள் இறங்குவதைக் கண்டால் ஏமாற்றம் ஏற்படுவது இயல்பே. எனினும், காரணம் தெரியும்வரை விமானத்தைத் தரையிலேயே வைத்திருப்பவர்தான் பொறுப்புள்ள விமானி. கசியும் குழாயின் முனையை வெட்டிச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும்; நொறுங்கிய விமானத்தை மீண்டும் உருவாக்கப் பல மாதங்கள் ஆகும்.