விழிஞம் செல்வோம்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பேருந்து ஏறுவோர் பெரும்பாலும் திருவனந்தபுரம் நகருக்கே செல்வர். மாணவர்களே, நாம் இன்று நகரை அடையும் முன்பே பாலராமபுரத்தில் இறங்கி, கடலை நோக்கிச் செல்லும் சாலையில் திரும்புவோம். பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர்பெற்றது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு நெய்கின்றனர். தொழிலின் பொருட்டு இப்பக்கம் வந்தவர்கள் நம் பெற்றோர் மட்டும் அல்லர்.

சாலையின் முடிவில் விழிஞம். ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர் இது. கடலை அகழியாகக் கொண்ட இவ்வூரை இராசராச சோழனின் படைத்தலைவன் வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அதற்கு முன்பே பாண்டியரும் இதன்மீது படையெடுத்திருந்தனர். எல்லோரும் விரும்பிய துறை என்பதனால் எல்லோரும் போரிட்டனர் போலும்!

இங்குள்ள குகைக்கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாமல்லபுரத்தை எண்ணிக்கொண்டு செல்வோர் ஏமாறக்கூடும். பாறையில் குடைந்த சிறிய அறை, அவ்வளவே. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே இருபுறமும் உள்ள புடைப்புச் சிற்பங்கள் முற்றுப்பெறவில்லை. அவற்றின் எதிரே சற்று நேரம் நில்லுங்கள். உளி பட்ட இடமும் படாத இடமும் தெரியும்.

ஆய் மன்னர் கருணந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கி.பி. 866 இல் கோயிலும் சாலையும் அமைத்தார். சாலை என்பது இங்கே கல்விக்கூடம். தொண்ணூற்றைந்து மாணவர்க்கு அங்கு இடமும் உணவும் உண்டு. அவ்வூர் பாறசாலைக்கு அப்பால், எல்லையைக் கடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. அச்செய்தியைக் கூறும் செப்பேட்டின் மொழி தமிழ். எல்லைக்கோடோ 1956 நவம்பர் 1 இல் வந்தது.

இன்றைய விழிஞம் வேறு. கரையருகிலேயே இயற்கையாகக் கடல் ஆழமாக இருப்பதால் மிகப்பெரிய சரக்குக் கப்பல்கள் இங்கு அணைகின்றன. புதிய துறைமுகம் 2025 மே 2 ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது உருவாகி வந்தபோதே, கட்டுமானப் பணியால் கரை அரிக்கப்படுகிறது, வீடுகளும் தொழிலும் பறிபோகின்றன எனக் கூறி மீனவர்கள் 2022 இல் நூறு நாள்களுக்கும் மேலாகப் போராடினர். 2018 பெருவெள்ளத்தில் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று மக்களை மீட்டவர்களும் திருவனந்தபுரம் கடற்கரையின் மீனவர்களே.

சொற்பொருள்
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலை. புடைப்புச் சிற்பம் – பாறைப்பரப்பில் மேலெழும்படி செதுக்கிய உருவம்.

பயிற்சி
அ. 'சாலை' என்னும் சொல் பாடத்தில் எவ்விரு பொருள்களில் வந்துள்ளது?
ஆ. உம் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.
இ. துறைமுகத்தில் வேலை பெற்ற ஒருவரும் மீனவர் ஒருவரும் விழிஞம் கரையில் சந்திக்கின்றனர். அவர்களின் உரையாடலை எழுதுக.