பேன்ட்ரி காரில் சாப்பாட்டை ஏற்றாதீர்கள்

ஓப்பன் டிடிடி விளையாட்டுக்கு இந்திய ரயில் பெட்டிகளை உருவாக்குகிறவர்கள், பேன்ட்ரி கார் என்றதும் உணவை ஒரு சரக்காக அதில் ஏற்றப் பார்க்கிறார்கள். அந்த வழி வேண்டாம். இந்த விளையாட்டில் ஏற்றிய சரக்கு ஏதாவதொரு நிலையத்தில் இறங்கித்தான் தீரும். நடுவழியில் யாரும் அதைச் சாப்பிட முடியாது. பக்கத்துப் பெட்டிப் பயணிக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

ஓடும் ரயிலில் சாப்பாடு எதற்கு? திப்ருகரில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறிக் கன்னியாகுமரி வரை வருகிறவருக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். வேளாவேளைக்குச் சாப்பாடும் டீயும் இருக்கைக்கே வந்தால்தான் அந்த நாட்களைத் தாங்க முடியும். எனவே நீங்கள் கூட்ட வேண்டியது பயணியின் பொறுமையை. அதற்கான எண் விளையாட்டிலேயே இருக்கிறது.

பயணியும் இங்கே ஒரு சரக்குதான். விளையாட்டின் நேர அலகான டிக் கணக்கில் 185 டிக்குக்கு ஒருமுறை, அதாவது விளையாட்டின் இரண்டரை நாளுக்கு ஒருமுறை, சரக்கின் வயது ஒன்று கூடும். முழுக் கட்டணத்தை 255 பங்காக வைத்தால், பயணிகளுக்கு முதல் 24 வயது வரை ஒவ்வொரு பங்காகக் கழியும். அதற்குமேல் இரண்டிரண்டாகக் கழியும். 125 நாள் ஓடும் வண்டியில் வயது 50, மிஞ்சுவது 179 பங்கு. பெட்டிகளை எழுதும் என்எம்எல் மொழியில் ‘கார்கோ ஏஜ் பீரியட்’ என்ற மதிப்பை 370 ஆக்குங்கள்: வயது 25தான் ஆகும், 229 பங்கு கைக்கு வரும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. அந்த மதிப்பைப் பேன்ட்ரி காரில் எழுதினால் ஒன்றும் நடக்காது. அதில்தான் பயணிகளே இல்லையே! பயணிகள் பெட்டியில் கால்பேக்காக, அதாவது நிலைமைக்கேற்ப மாறும் மதிப்பாக, எழுதுங்கள்: வண்டியில் பேன்ட்ரி கார் இருந்தால் 370, இல்லாவிட்டால் 185. பேன்ட்ரி கார்களை ‘பேரன்ட்’ நிலையில், இன்ஜினிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அப்போதுதான் முன்னால் இருக்கும் பேன்ட்ரி காரும் கணக்கில் வரும். மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். பூஜ்யமானால் வயதே ஏறாது, எவ்வளவு தாமதமானாலும் முழுக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.

இதனால் விளையாடுகிறவருக்கு ஓர் உண்மையான முடிவு எடுக்கக் கிடைக்கிறது. பத்துப் பெட்டி வண்டியில் ஒன்றைப் பேன்ட்ரிக்கு விட்டால் பத்தில் ஒரு பங்கு இருக்கை போகிறது. சாதாரணக் கணக்கில் வயது 32, அதாவது சுமார் 80 நாள் ஓட்டத்தில்தான் அந்த இழப்பு ஈடாகும். ஓட்டச் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப் போகும். குறுந்தூர வண்டியில் பேன்ட்ரி கார் நஷ்டம், நெடுந்தூரத்தில் லாபம். ரயில்வேயிலும் நிலைமை இதுதான் என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் தனிப் பேன்ட்ரி கார் கிடையாது; பெட்டிக்குள்ளேயே சிறு பேன்ட்ரி உண்டு. அதைச் செய்யும்போது ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் இருக்கையைக் குறைத்து, அந்தப் பெட்டிக்கே 250 போலச் சற்றுக் கூடுதலான மதிப்பைக் கொடுத்தால் போதும்.

வெளியிடுவதற்கு முன், ஒரே தடத்தில் பேன்ட்ரியோடு ஒரு வண்டியும் இல்லாமல் ஒரு வண்டியும் சில வருஷம் ஓடட்டும். இரண்டின் வருட லாபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 370ஐக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.