உழைச்செல்வான்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்திலிருந்து பணிசெய்பவன் என்பன அவை. இறுதியில் நின்றவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். உரையாசிரியர் பரிமேலழகர், இவனுக்கு வேண்டும் பண்புகளும் நான்கு என்பர்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவு.

முன்னைய மூன்றும் எளிதில் விளங்கும். மருத்துவர் சொன்னபடி செய்பவனுக்கு அறிவு எதற்கு? இவ்வினாவிற்கு மிகுந்த உயிர்களை விலையாகக் கொடுத்தே உலகம் விடை கண்டது.

1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரில் காயமுற்ற ஆங்கிலப் படைவீரர்களைப் பேண, பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் ஸ்குட்டாரி என்னும் இடத்து மருத்துவமனையை அடைந்தார். இஃது இன்றைய இஸ்தான்புல் நகரைச் சேர்ந்தது. அவர் துணியும் உணவும் தேடித் தந்தார். இரவில் விளக்கேந்திப் படுக்கைதோறும் சென்று ஆறுதல் கூறினார். ஆயினும் 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். காயத்தால் மாண்டவரினும் பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவரே பலர். மார்ச்சுத் திங்களில் சுகாதார ஆய்வுக் குழுவினர் வந்து பார்த்தபோது, அக்கட்டடம் அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின்மேல் நிற்பதும், குடிநீர் வரும் வழியில் ஒரு குதிரையின் பிணம் கிடப்பதும் தெரிந்தன. கால்வாய்கள் கழுவப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, காற்று உட்புக வழி செய்யப்பட்டது. ஜூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவிற்கு இறங்கியது. பருவ மாற்றமும் ஒருவாறு துணைசெய்திருக்கலாம்.

போர் முடிந்து மீண்டபின், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் இக்கணக்குகளை ஆராய்ந்த பின்னரே அம்மையார் உண்மையை முழுதும் உணர்ந்தார். உணவுக் குறையே இறப்பிற்குத் தலையாய காரணம் என்று அதுவரை அவர் எண்ணியிருந்தார். அவரிடம் அன்பிற்குக் குறைவில்லை. அவ்விளக்கின் ஒளிக்குப் புலப்படாமல் காலடியில் ஓடிய கழிவுநீரே வீரர்களைக் கொன்றது. தூய காற்று, ஒளி, நல்ல நீர், துப்புரவு, அமைதி, தக்க உணவு ஆகியவற்றால் நோயாளியின் சூழலைச் செம்மை செய்தால், இயற்கை தானே குணப்படுத்தும் என்பது அவர் கண்ட கோட்பாடு. அதனை 1859-இல் நூலாக்கினார். மறு ஆண்டே இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தோன்றியது.

செவிலி என்னும் சொல் பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்தது. பெயர் அழகியதே, ஆயினும் அது அன்பை மட்டுமே சுட்டுகின்றது.

பின்வந்தோர் பல கோட்பாடுகளை வகுத்தனர். அவற்றுள் அமெரிக்கச் செவிலியராகிய டாரத்தியா ஓரம் அம்மையார் 1971-இல் நூலாக வெளியிட்டது நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது. தன்னைத் தான் பேணுதலே மனிதனின் இயல்பு. அவ்வாற்றல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையே செவிலியர் ஈடுசெய்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரை அடுத்த சிற்றூரில், நீரிழிவு நோயுடைய உழவர் ஒருவர் பக்கவாதத்தால் வீழ்ந்து, அவ்வூர் அரசு மருத்துவமனையில் கிடப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அவருக்குரிய அனைத்தையும் செவிலியரே செய்கின்றார். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் அதனுள் அடங்கும். எலும்பு துருத்திய இடத்தில் உடலின் பாரம் அழுத்த, குருதியோட்டம் தடைபட்டுத் தசை அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். கட்டளையை மட்டும் அறிந்தவர் புரட்டிவிட்டுப் போய்விடுவார். காரணமும் அறிந்தவர் குதிகாலிலும் இடுப்பின் கீழும் சிவந்திருக்கிறதா என்று நோக்குவார்.

சிறிது தேறியபின், சோற்றை உழவரே வலக்கையால் எடுத்துண்ண, செவிலியர் தட்டை மட்டும் பிடித்துக்கொள்கின்றார். விரைந்து முடியும் என்று எண்ணித் தாமே ஊட்டுவது இந்நிலையில் உதவியன்று, தடையே. வீட்டார் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் பிழைபடுகின்றனர்.

வீடு திரும்பிய பின்னும் பணி ஓய்வதில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, நீரிழிவும் குருதியழுத்தமும் உடையோர்க்கு இல்லத்திற்கே மருந்து கொண்டு தரப்படுகின்றது. படுத்த படுக்கையாக உள்ளோர்க்கு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. வருபவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அகன்றால் பாதி வேலையே முடிந்ததாகும். நீரிழிவால் பாதம் உணர்ச்சி குன்றிய உழவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. ஆதலின் நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைப் பார்த்து, உள்ளங்காலின் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்துப் புண் உண்டா என்று அவரே தேடுமாறு அவருக்குக் கற்பித்தல் வேண்டும்.